பத்தொன்பது நாள் இளையவள்

என் மகனும் என் ஓரகத்தியின் மகளும் ஒரே வீட்டில், ஒரே மருத்துவச்சி கையில், பத்தொன்பது நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். என் மகன் மூத்தவன். ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்து ஏழாவது மாதம் அது.

ஓரகத்தி என்று நான் சொல்வது என் கணவரின் தம்பி மனைவியை. டத்தோ கிராமாட் ரோட்டில் ஒரு பலகை வீட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து குடியிருந்தார்கள். முன்னறை எங்களுக்கு, பின்னறை அவர்களுக்கு, அடுப்பு இருவருக்கும் பொது. என் கணவர் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் தம்பி கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ரயில் பட்டறையில் ஃபிட்டர். காலையில் ஃபெரி ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவார்.

முதல் ஆறு மாதம் பொறாமைப்பட்டவள் அவள்தான். அவள் பெண்ணைக் கீழே விட்டால் வீடே அதிரும். எந்நேரமும் இடுப்பில் இருக்க வேண்டும், யாராவது முகம் பார்த்துப் பேச வேண்டும். என் மகன் போட்ட இடத்தில் கிடப்பான். பசித்தால்கூட அழமாட்டான், நானாக நினைத்துக்கொண்டு தூக்கிப் பால் கொடுப்பேன். பிள்ளை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், "ஒனக்குப் பொறந்தது தங்கம்லா" என்பார்கள். தூக்கம் கெட்டுக் கண் சிவந்து நிற்கும் ஓரகத்தி, "எனக்கும் இப்படி ஒண்ணு பொறந்திருக்கக் கூடாதா அக்கா?" என்பாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது என்பது நினைவிருக்கிறது. முதல் அறிகுறியை ஊரே சேர்ந்து பாராட்டியது, நான் தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது பத்து மாதத்தில் காற்று திசை மாறியது. சாயங்காலம் என் கொழுந்தனாரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அவள் பெண் தவழ்ந்து ஓடிக் கையைத் தூக்கிக் காட்டும். என் கணவர் வந்தால் என் மகன் திரும்பிப் பார்ப்பதில்லை. தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டை வழியாக வரும் வெயில் புள்ளி சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். "பாருங்களேன், எவ்வளவு கவனம்!" என்று நான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே என் கண் அவள் பெண்ணின் மேல் விழுந்துவிட்டது. பிறகு எடுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். பட்டறையில் கைத்தொழில் தெரிந்தவர்களையும் சேர்த்து அனுப்பினார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். என் கொழுந்தனார் ஒரு தகரப் பெட்டியோடு ஃபெரி ஏறினார். மூன்று மாதம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று, கடிதம் ஒன்றும் வரவில்லை. அவர் போன மறு மாதம், ஆணியில் தொங்கிய அவர் சட்டையைக் காட்டி அந்தப் பெண் முதல் வார்த்தை பேசியது. "ப்பா." ஓரகத்தி அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன். தடவிக்கொண்டே நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்: என் மகன் இவளைவிடப் பத்தொன்பது நாள் மூத்தவன்.

மறுநாள் எழுத ஆரம்பித்தேன். என் கணவர் அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய பதிவேடு ஒன்று வீட்டில் இருந்தது. பாதிக்கு மேல் வெற்றுத்தாள். தமிழ்ப் பள்ளியில் ஆறு வரை படித்தவள் நான், கையெழுத்து நன்றாக வரும். தாளின் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'அவள்', வலது பக்கம் 'இவன்' என்று எழுதினேன். அன்பினால் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். அவள் பெண்ணை என் மகன் முந்தப்போகும் நாளைத் தேதியோடு பிடித்து வைக்க வேண்டும் என்று எழுதினேன்.

இடது பக்கம்தான் நிறைந்துகொண்டே போயிற்று.

'அவள்: பெயர் சொன்னால் திரும்புகிறாள். இவன்: இல்லை. ஐந்து முறை கூப்பிட்டேன்.'

'இவன்: முதுகுப் பக்கம் தகர டப்பாவில் நாலு அரிசி போட்டேன். உடனே திரும்பினான். காது கேட்கிறது. என் குரல்தான் கேட்கவில்லை.'

'அவள்: விமானம் போனது. விரலால் காட்டினாள். காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் பார்த்தேனா என்று. இவன்: பார்க்கவில்லை.'

'இவன்: டப்பா வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து டப்பாவின் மேல் வைக்கிறான். கரண்டியை எடுப்பதுபோல என் கையை எடுக்கிறான். முகம் பார்ப்பதில்லை.'

'இவன்: நாற்பத்தொரு புளியங்கொட்டையை ஒரே கோட்டில் வைத்தான். ஒன்றை எடுத்து மறைத்தேன். அழுதான். திரும்ப வைத்தேன். நிறுத்தினான்.'

என் கணவரிடம் இரண்டு முறை பேச்செடுத்தேன். "ஆம்பிளப் புள்ள லேட்டாத்தான் பேசும். எங்க அப்பாவும் மூணு வயசுலதான் வாய் தொறந்தாராம், சும்மா இரு" என்றார். சொல்லிவிட்டுப் பென்சில்களை நீளவாரியாக அடுக்கினார்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு காரணம் கொண்டுவந்தாள். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று வயிற்றுப் பிள்ளை பயந்துவிட்டது என்றாள் ஒருத்தி. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று பாலில் சத்தில்லை என்றாள் இன்னொருத்தி. கண்ணேறு என்றார்கள். நான் குழந்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றுகூடச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து நான் பக்கத்து அறைப் பெண்ணின் மேல் வைத்துப் பார்த்தேன். குண்டு விழுந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். மூன்று மாத வயிற்றோடு கடைத்தெருவில் சிக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் பிணங்களைத் தாண்டி ஓடிவந்தவள் ஓரகத்தி. குண்டுக்குப் பயந்து மலையடியில் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு இரண்டு பேரும்தான் நடந்து போனோம். ஒரே கிழங்கு, ஒரே செம்பனை எண்ணெய், ஒரே கிணற்றுத் தண்ணீர். முகம் பார்த்துப் பேசியதைச் சொன்னால், அவள் வாய் அதிகம் பேசாது. நான்தான் நாளெல்லாம் பேசுகிறவள். எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது அவள் பெண்ணையும் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. ஏன் எனக்கு மட்டும் என்ற கேள்வி, எங்கே சுற்றினாலும் அவள் வாசலில்தான் வந்து நின்றது.

ஒருநாள் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்றரை வயது கடந்திருக்கும். ஓரகத்தி ரேஷன் வரிசைக்குப் போயிருந்தாள், இருவரும் என்னிடம். நான் என் மகன் முகத்தை இரு கையாலும் பிடித்து, "அம்மா சொல்லு, அம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் என் காதோலையைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான். அவள் பெண் வந்து என் மடியில் கையை வைத்து, "பெம்மா" என்றது. பெரியம்மா என்பதை அது அப்படித்தான் சொல்லும். கேட்டது அவனை, கொடுத்தது இவள். நான் அதன் தொடையில் கிள்ளினேன். வலிக்கக் கிள்ளினேன்.

வீல் என்று அழுதது. அழுதுகொண்டே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னிடமே வந்தது, தூக்கச் சொல்லி. தூக்கினேன். என் கழுத்தில் முகத்தை வைத்து விம்மியது. அன்று எழுதினேன்: 'கிள்ளினேன். கிள்ளிய என்னிடமே ஆறுதலுக்கு வந்தாள். இவன் விழுந்து உதடு கிழிந்தபோதும் யாரிடமும் வரவில்லை.' வெட்கத்தினால் எழுதினேனா, வித்தியாசம் தெரிந்ததால் எழுதினேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு இரண்டரை வயதாகும்போது என் கணவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டார். ஜப்பான்காரனுக்கு எதிரான நேசநாட்டு விமானங்கள் வர ஆரம்பித்திருந்த காலம். துறைமுகத்தில் சந்தேகத்தின் பேரில் ஆட்களைக் கூட்டிப் போனார்கள். கூட்டிப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. அவர் நின்றபடியே தாளைப் புரட்டினார்.

"என்னா இது? விமானம் காலையில, விமானம் மத்தியானம்... தேதி போட்டு எழுதி வச்சிருக்க! துறைமுகக் கிராணி வீட்டுல விமானக் கணக்கா? கழுத்த வெட்டிருவான்டி!"

"அது புள்ளைங்க பாத்ததுங்க. அவ காட்டுனா, இவன் பாக்கல, அதான்..."

"சப்பான்காரன்கிட்ட போயி இத சொல்லு!" என்று அடுப்பைப் பார்த்து நடந்தார்.

சத்தம் கேட்டு ஓரகத்தி வந்தாள். "மாமா, குடுங்க பாப்போம்" என்று அவர் கையிலிருந்து வாங்கினாள். அவள் அவர் முன்னால் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. கதவோரம் உட்கார்ந்து படித்தாள். மெதுவாகத்தான் படிப்பாள், வாயசைத்து. எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். கிள்ளிய தாளுக்கு வந்தாள். வாய் அசைவது நின்றது. அந்த வரியில் விரலை வைத்திருந்தாள். அப்புறம் தாளைத் திருப்பினாள்.

கடைசியில், "அவரு போன பெறகு எம்புள்ள பேசுனது, நடந்தது, பல்லு மொளச்சது எல்லாம் இதுல இருக்கு. எனக்கே தேதி ஞாபகமில்ல" என்றாள். "எரிக்காதீங்க மாமா. அவரு வந்தா காட்டணும்."

"விமானம் இருக்கேம்மா!"

அவள் தாளை என்னிடம் நீட்டினாள். "காக்கான்னு மாத்திருவோம்."

அன்று மாலை முழுவதும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு விமானத்தையும் மைபோட்டு அடித்துக் காகம் என்று எழுதினோம். அவள் கண்டுபிடிப்பாள், நான் எழுதுவேன். கிள்ளியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்காமலிருக்க முடிகிற மனது அவளுக்கு இருந்ததே, அதற்காகவும் அவள்மேல் எரிந்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் மகனை டிரெசரிடம் கூட்டிப் போனேன். டிரெசர் என்றால் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்து நின்று மருந்து கொடுப்பவர். சிலோன்காரர், வயதானவர்; மருந்து கிடைக்காத அந்தக் காலத்தில் எங்கள் ரோட்டிலேயே ஒரு கடையறையில் கட்டுப்போட்டு, கஷாயம் கொடுத்து, புத்தி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மகனின் காதுக்குள் பார்த்தார். "காது நல்லாய்த்தான் இருக்கு" என்றார்.

"தெரியுங்க ஐயா."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

பதிவேட்டைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். வெளியே காத்திருந்தவர்கள் இருமிப் பார்த்தார்கள். அவர் எழவில்லை.

"இவ்வளவு காகம் ஏன்?" என்றார்.

சொன்னேன். சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிள்ளை, நான் முப்பது வருசமாய்க் குழந்தையளைப் பாக்கிறன். பல்லு முளைச்சுதோ, நடக்குதோ எண்டு கேட்டிருக்கிறன். விரலாலை காட்டிப்போட்டு உம்மடை முகத்தைப் பாக்குதோ எண்டு ஒருநாளும் கேட்டதில்லை."

"இதுக்கு என்ன பேருங்க ஐயா?"

"பேர் எனக்குத் தெரியாது. மந்தபுத்தி எண்டு எழுதிப்போட்டு விடலாம். ஆனால் அது இல்லை எண்டுதான் உம்மடை கொப்பி சொல்லுது. நாப்பத்தொரு கொட்டையிலை ஒண்டு குறைஞ்சால் தெரியிற பிள்ளை மந்தமோ?"

அன்று வரை என் மகனைப் பற்றி ஒருவரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர்தான் என்னை வாரத்தில் ஒருநாள் வரச் சொன்னார். கைக்குழந்தையோடு வரும் தாய்மாரிடம் அவரைவிட நான் கேட்பது நல்லது என்றார். என் பதிவேட்டிலிருந்து நான்கு கேள்விகளை எடுத்தோம். பெயர் சொன்னால் திரும்புமா? விரலால் காட்டுமா? காட்டிவிட்டு முகம் பார்க்குமா? அடிபட்டால் உன்னிடம் வருமா? நான்காவது கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எங்கள் வீட்டில் இருவருக்குத்தான் தெரியும்.

ஜப்பான்காரன் சரணடையும் வரை கேட்டேன். ஆமாம், ஆமாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல. ஒவ்வொரு ஆமாமும் எனக்குள் ஒரு முள்ளை இறக்கும். எப்போதாவது ஒருத்தி பதில் சொல்லாமல் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது நான் அவள் பக்கம் நகர்ந்து உட்காருவேன்.

டிரெசர் காரணம் தேடினார். குண்டு, காய்ச்சல், மலேரியாவுக்குத் தின்ற கொய்னா, கிழங்கு என்று எல்லாவற்றையும் கேட்கச் சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அப்படிப் பதில் சொல்லாமல் திரும்பிப் பார்த்த பெண்களில் சிலர், வேறு பேச்சுக்கு நடுவே, "புள்ளையோட அப்பாவும் இப்படித்தான், மனுசங்க கூட ஒட்டமாட்டாரு" என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து, பென்சில் அடுக்கிக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தேன். மூன்று வயதில் வாய் திறந்த மாமனாரை நினைத்தேன். அதை மட்டும் நான் எழுதவில்லை. எழுதினால் கோட்டின் அந்தப் பக்கம் அவர் தம்பி பெயரையும் எழுத வேண்டுமே! ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பேர், தம்பி பிள்ளைக்கு மட்டும் ஒன்றுமில்லை. அங்கேயும் ஓரகத்திதான் ஜெயித்தாள்.

அங்கே வந்த ஒருத்தியை மறக்க முடியாது. சின்னப் பெண், இருபதுகூட இருக்காது. மகனுக்கு ஒன்றேகால் வயது. நான்கு கேள்விக்கும் இல்லை என்றாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முகத்தைப் பிடித்துத் திருப்பாதே. அவன் எதைப் பார்க்கிறானோ அதற்குப் பக்கத்தில் போய் நீ உட்கார். அவன் கொட்டை வைத்தால் நீயும் ஒன்று வை. நான் இரண்டரை வருடம் தவறாகச் செய்து கற்றது அது. நான்கு மாதம் கழித்து அவள் வந்து, "அக்கா, தண்ணின்னு சொல்றான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். குழந்தையும் சொன்னது. நான் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அவள்மேல் பொறாமையாக இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகக்கூட இல்லை. பிள்ளையின் ஒன்றேகால் வயதிலேயே அவளுக்குச் சொல்ல ஒருத்தி இருந்தாளே, எனக்கு யார் இருந்தார்கள்?

சண்டை முடிந்து சில மாதம் கழித்து என் கொழுந்தனார் திரும்பினார். கோல் ஊன்றி வந்தார். காலில் ஆறாத புண். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் ஓரகத்தி "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டாள். மூன்றரை வயது மகள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பல நாட்கள், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓரகத்தி பதிவேட்டை எடுத்து இடது பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுவாள். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பார். 'ப்பா' என்று சட்டையைப் பார்த்துச் சொன்ன இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கிள்ளிய தாள் நெருங்கியபோது என் கை நின்றது. அவள் குரல் நிற்கவே இல்லை. அந்தத் தாளைப் படிக்காமலே அடுத்த தாளுக்குப் போயிற்று.

"அண்ணி," என்றார் அவர் ஒருநாள், "எம்பொண்ண இவ்வளவு பாசமா பாத்து எழுதியிருக்கீங்க. இதுக்கு நான் என்னா செய்யப் போறேன்?"

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வலது பக்கத்தை யாருக்குப் படித்துக் காட்டுவது? என் கணவர் நல்ல மனிதர், கடைசி வரை எங்களை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றினார். மகனைப் பற்றி நான் எழுதியதைப் படி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் மகன் ஆறாவது வயதில் பேசினான். சோறு போட்டுக்கொண்டிருந்தேன், "போதும்" என்றான். எத்தனையோ வருடம் கழித்து, செய்தித்தாள் ஒன்றில் ஆட்டிசம் என்ற வார்த்தையையும் அதன் அடையாளங்களையும் படித்தேன். டிரெசர் அப்போது உயிரோடு இல்லை. பெயர் கிடைத்த சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்தேன். மகனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் மிளகில் கல் பொறுக்குகிறான். அவன் கை பட்ட மூட்டையில் ஒரு கல் இருக்காது என்று முதலாளி சொல்கிறார்.

ஓரகத்தியின் மகள் ஈப்போவில் ஆசிரியை, மூன்று பிள்ளைகள். அவள் கடிதம் வந்தால் ஒருநாள் கழித்துத்தான் பிரிப்பேன். போன தீபாவளிக்கு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, நான் சின்னப் புள்ளையில எப்படி இருந்தேன், சொல்லுங்களேன்" என்றாள். ஒரு மணி நேரம் சொன்னேன். கிள்ளியதையும் சொன்னேன். "அப்பவே ஒங்ககிட்டதான் வந்தேனா?" என்று சிரித்தாள். என் மகன் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அவன் எப்படி இருந்தான் என்று அவன் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டான். அவளால் கேட்க முடிகிறது என்பதே எனக்குச் சுட்டது.

அவள் போன பிறகு நானாகவே அவனுக்குச் சொன்னேன், பிறந்த நாளிலிருந்து. பாதியில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.